ஆயிரம் அடி போர்வெல்லுக்குப் பணம் அனுப்பலாமா? ஊர்த் தண்ணீரை விவசாயிகளும் அரசும் சேர்ந்து காப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "துறையூர்ப் பக்கம் எங்கள் ஊர். கிணறுகள் வற்றி, போர் 300 அடியிலிருந்து 800 அடிக்குப் போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் முப்பது பேர் ஆளுக்கு 300 வெள்ளி போட்டு, ஊருக்குப் பொதுவாக ஆயிரம் அடியில் போர் போட்டுத் தர நினைக்கிறோம். சரியா? இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரை இவ்வளவு கட்டுக்கோப்பாக நடத்துகிறதே, அங்கே அரசும் விவசாயிகளும் சேர்ந்து அப்படி நடத்த முடியாதா?"

முதல் பாதிக்குப் பதில்: வேண்டாம், அந்தப் பணத்தைப் போரில் போடாதீர்கள். இரண்டாம் பாதிக்குப் பதில்: முடியும், ஆனால் சிங்கப்பூர் வழியில் அல்ல.

போர் ஏன் வேண்டாம் என்பதைப் பாறையிலிருந்து சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 73 விழுக்காடு கடினப் பாறை. துறையூர், நாமக்கல், தருமபுரிப் பக்கமெல்லாம் அதுதான். மேலே மண், அதன் கீழே கையால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது பெரும்பாலும் அந்த மக்கிய அடுக்கில்தான். அது 30 அடியும் இருக்கலாம், 100 அடியும் இருக்கலாம். கெட்டிப் பாறையில் வெடிப்புகள் மட்டுமே உண்டு. அவை குழாய் மாதிரி, தொட்டி மாதிரி அல்ல. 800 அடியில் ஒரு வெடிப்பில் தண்ணீர் கிடைத்தால், அது பெரும்பாலும் மேலே உள்ள மக்கிய அடுக்கிலிருந்து அந்த வெடிப்பு வழியாக இறங்கி வருகிற அதே தண்ணீர். ஆயிரம் அடி போர் புதுத் தண்ணீரைக் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கீழே இருந்து உறிஞ்சுகிறது. எப்போதாவது ஆழத்தில் உண்மையிலேயே தனித் தண்ணீர் அகப்படும். அது பல காலம் சேர்ந்த சேமிப்பு. எடுத்தால் நம் காலத்தில் திரும்ப நிரம்பாது.

மக்கிய பாறை எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? ஒரு கன மீட்டர் பாறையிலிருந்து வடித்தெடுக்கக்கூடியது 15 முதல் 30 லிட்டர். களி கலந்திருந்தால் 15 லிட்டர்தான், அதாவது ஒரு குடம். அதே அளவு ஆற்று மணலில் 150 லிட்டர் வரை கிடைக்கும். தஞ்சாவூர்க்காரர் போர் போட்ட அனுபவத்தை வைத்துத் துறையூர்க்காரர் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இந்தப் பத்து மடங்கு வித்தியாசம்தான் காரணம்.

போர் தோண்டும் ரிக் வண்டிக்காரர் "இரண்டரை இஞ்ச் தண்ணி" என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்ப்ரசர் காற்றடித்து வெளியே தள்ளும்போது வருவது வெடிப்புக்குள் ஏற்கெனவே நின்ற தண்ணீர். மோட்டார் இறக்கி ஒரு வாரம் ஓட்டிய பிறகு நிற்பதுதான் உண்மையான ஊற்று. அது பாதியாகவும் இருக்கும், சில இடங்களில் கால் பங்காகவும் இருக்கும்.

இனி, சிங்கப்பூர் போல ஏன் முடியாது என்பது. இங்கே மழை ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல். அது 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே கழகம் நடத்துகிறது. ஒவ்வொரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கும் மீட்டர் உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், 3 வெள்ளி 24 காசு. குழாயை மூட ஒரு கை போதும். துறையூரில் தொட்டி பூமிக்குள் இருக்கிறது. அதில் எத்தனை பேர் நிலம் வைத்திருக்கிறார்களோ அத்தனை உறிஞ்சுகுழல்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில் வரையறுத்த வாய்க்காலாக ஓடாத தண்ணீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியை அனுப்ப எந்த அரசாலும் முடியாது. 2003-இல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013-இல் நீக்கப்பட்டது. மேலிருந்து மட்டும் வந்த கட்டுப்பாட்டுக்கு அந்த முடிவு வந்ததில் வியப்பில்லை.

ஊர் மட்டும் தனியாகவும் காக்க முடியாது. பத்துப் பேர் நெல்லை விட்டு உளுந்துக்கு மாறிய ஆண்டில் பதினோராவது ஆள் புதுப் போர் போட்டு வாழை வைத்தால், அடுத்த ஆண்டு அந்தப் பத்துப் பேரும் வாழைக்குத்தான் போவார்கள். அவரைத் தடுக்க ஊருக்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் அரசிடம் இருக்கிறது. யார் வயலில் என்ன நிற்கிறது என்ற தகவல் ஊரிடம் இருக்கிறது. ஒன்றிடம் இருப்பது மற்றதிடம் இல்லை. கூட்டு மேலாண்மை என்பதன் பொருள் இவ்வளவுதான்: விதியை விவசாயிகள் எழுதுவது, முத்திரையை அரசு குத்துவது.

இதை நன்றாகச் செய்து காட்டிய இடம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலை. ஷெரிடன் வட்டாரத்தில் 99 சதுர மைல் பரப்பில் ஒகல்லாலா என்ற நிலத்தடி நீரடுக்கு வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. 2012-இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உள்ளூர் விவசாயிகள் தாங்களே ஒரு குறைப்புத் திட்டம் எழுதிக் கொடுத்தால், மாநிலத்தின் நீர்த்துறைத் தலைமைப் பொறியாளர் அதை விசாரித்து, சட்ட ஆணையாகவே வெளியிடலாம். ஷெரிடன் விவசாயிகள் 20 விழுக்காடு குறைப்பது என்று எழுதினார்கள். 2013 முதல் ஐந்து ஆண்டுக்கு ஏக்கருக்கு மொத்தம் 55 அங்குல உயரத்துக்கு நிற்கக்கூடிய தண்ணீர். ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டாமல் ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கொடுத்ததில்தான் அந்தத் திட்டத்தின் நுணுக்கம் இருக்கிறது. வறட்சி ஆண்டில் 14 அங்குலம் எடுத்தவர், மழை ஆண்டில் 8 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார். "இந்த வருடம் எடுக்காவிட்டால் போய்விடும்" என்ற பதற்றம் இல்லாததால் வீண் பாய்ச்சல் நின்றது. இலக்கைவிடக் கூடுதலாகவே குறைத்தார்கள். மக்காச்சோள மகசூல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் செலவும் இறங்கியதால் லாபம் அடிபடவில்லை. தவணை முடிந்ததும் அவர்களே கேட்டுப் புதுப்பித்துக்கொண்டார்கள்.

கன்சாஸில் பாசனக் கிணறுகளில் மீட்டர் உண்டு. நம் ஊரில் இல்லை. ஆகவே நமக்கு நெருக்கமான பாடம் ஆந்திரத்தில் இருக்கிறது. 2003-க்குப் பிறகான ஆண்டுகளில் அங்கே ஏழு வறட்சி மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளில், நெதர்லாந்து நிதியிலும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையிலும் ஒரு திட்டம் நடந்தது. தடை இல்லை, அபராதம் இல்லை, மானியமும் இல்லை. விவசாயிகளே மழையை அளந்தார்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிணற்று மட்டம் அளந்தார்கள், பருவத்துக்கு முன் ஊர்கூடிக் கணக்குப் போட்டார்கள். "இருக்கிற தண்ணீர் இவ்வளவு, நீங்கள் வைக்க நினைக்கும் பயிருக்கு வேண்டியது இவ்வளவு" என்று சுவரில் எழுதினார்கள். பல ஊர்களில் நெல் பரப்பு தானாகவே சுருங்கியது. திட்டம் முடிந்த பிறகு பல இடங்களில் அளவெடுப்பு நின்றுபோனது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதில்தான் உங்கள் வெள்ளிக்கு வேலை இருக்கிறது.

அளப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அளவில்லாத கூட்டம் சண்டையில்தான் முடியும்.

ஊருக்கு எட்டு முதல் பத்துக் கண்காணிப்புக் கிணறுகள் போதும். பழைய திறந்த கிணறுகள் சிறந்தவை, குறிப்பாக இப்போது இறைக்காமல் கிடப்பவை. போரைத் தேர்ந்தெடுத்தால் கேசிங் பைப்பின் (உறைக் குழாயின்) விளிம்பில் ஓர் இடத்தில் பெயின்ட்டால் குறி வையுங்கள், எப்போதும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். கேசிங் தரைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு இரண்டு அடி பிழையோடு ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பது சர்வ சாதாரணம். கருவி எளிது: மீட்டருக்கு மீட்டர் குறியிட்ட இரட்டைக் கம்பி ஒயர், நுனியில் எடை, மேலே பேட்டரியும் பஸ்ஸரும். நுனி தண்ணீரைத் தொட்டதும் மின்சுற்று முழுமையாகி ஒலிக்கும். பாதி வழியில் பாறை வெடிப்பிலிருந்து சொட்டும் தண்ணீர் பட்டும் ஒலிக்கும், ஆகவே ஒலித்தபின் இன்னும் ஓரடி இறக்கிப் பாருங்கள். ஒலி நிற்காமல் தொடர்ந்தால்தான் மட்டம்.

மோட்டார் இறங்கிய போரில் ஒயர் கேபிளில் சிக்கிக்கொள்ளும், எடுக்க முடியாமல் அறுந்து போகும். அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது, டெலிவரி குழாயோடு அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சேர்த்துக் கட்டி இறக்கிவிட்டால் அதற்குள் ஒயர் நிம்மதியாகப் போய்வரும். குழாயின் கீழ்நுனி திறந்திருக்க வேண்டும், கடைசிப் பத்தடியில் துளைகளும் வேண்டும். செலவு மிகக் குறைவு, ஆனால் இது இல்லாததால் அளவெடுப்பு கைவிடப்பட்ட போர்கள் ஏராளம். அளப்பது காலையில், மோட்டார் போடுவதற்கு முன். அந்தப் போரும் அக்கம்பக்கத்துப் போர்களும் குறைந்தது ஓர் இரவு நின்றிருக்க வேண்டும். மும்முனை மின்சாரம் எந்த ஷிப்டில் வருகிறது என்று பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மழைமானி ஒன்று பள்ளிக்கூட வளாகத்தில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில். தினமும் காலை எட்டரைக்கு அளந்தால் வானிலைத் துறை அளவோடு ஒப்பிடலாம். போரின் ஓட்டத்தை 200 லிட்டர் டிரம்மும் கைபேசியின் நேரக்கணக்கும் வைத்து அளக்கலாம். மோட்டார் போட்டவுடன் அல்ல, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு. 60 நொடியில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர்.

இப்போது கணக்கு. ஓர் ஊரின் பரப்பு 500 ஹெக்டேர், அதாவது 1,235 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மழை 750 மி.மீ. களி கலந்த மக்கிய பாறைப் பகுதியில் மழையில் 8 விழுக்காடு அளவுக்குத்தான் நிலத்தடிக்குப் போகும் என்பது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீட்டு முறை கொள்ளும் விகிதம். 750-இல் 8 விழுக்காடு 60 மி.மீ. ஒரு ஹெக்டேரில் ஒரு மி.மீ. நின்றால் 10,000 லிட்டர். ஆக 30 கோடி லிட்டர். ஏரியில் சராசரி 20 ஹெக்டேர் பரப்பில் 120 நாள் தண்ணீர் நின்றால், நாளுக்கு 1.4 மி.மீ. கசிவு என்ற கணக்கில் இன்னும் 3.4 கோடி. பத்து விழுக்காடு எப்படியும் ஓடைக்கும் கீழூருக்கும் போகும், அதைக் கழியுங்கள். 2,000 பேருக்கு ஆளுக்கு 55 லிட்டர் குடிநீர் என்றால் ஆண்டுக்கு 4 கோடி. ஆடுமாடுகளுக்கு ஒரு கோடி. மிச்சம் ஏறத்தாழ 25 கோடி லிட்டர்.

25 கோடி என்றால் நிறைய என்று தோன்றும். பயிராக மாற்றிப் பாருங்கள். நெல்லுக்கு 1,200 மி.மீ. வேண்டும், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். முழுக்க நிலத்தடி நீரில் நெல் வைத்தால் அந்த ஊரால் சுமார் 50 ஏக்கர்தான் வைக்க முடியும். 1,235 ஏக்கர் ஊரில் 50 ஏக்கர். நிலக்கடலைக்கு 500 மி.மீ., அதே தண்ணீரில் 125 ஏக்கர் வரை. உளுந்துக்கு 280 மி.மீ., 220 ஏக்கர். கரும்பு நெல்லைவிட மோசம், அது 1,800 மி.மீ.க்கு மேல் கேட்கும். இந்த நான்கு வரியை மந்தைச் சுவரில் எழுதிப் போட்டாலே ஊரின் பேச்சு மாறும்.

விழுக்காட்டை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. செப்டம்பர் கடைசியில் கிணறுகள் இருந்த தாழ்ந்த மட்டத்தையும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி முதல் வாரத்து மட்டத்தையும் ஒப்பிடுங்கள். சராசரி 4 மீட்டர் ஏறியிருந்தால், 50 லட்சம் சதுர மீட்டர் பரப்பு, 4 மீட்டர், பாறையின் பிடிப்பு 1.5 விழுக்காடு, மூன்றையும் பெருக்கினால் 3 லட்சம் கன மீட்டர். அதே 30 கோடி லிட்டர். நிஜத்தில் இரண்டும் இவ்வளவு அழகாகப் பொருந்தாது. மழைக்காலத்திலும் இறைத்திருப்பார்கள், அதனால் மட்டக் கணக்கு குறைவாகவே வரும். எது குறைவோ அதை வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

காலம் முக்கியம். நம் பக்கம் மழை மார்கழியில் முடிகிறது. தை, மாசிப் பட்டத்துக்கு விதை வாங்கும் முன் கணக்கு ஊர் கைக்கு வந்துவிட வேண்டும். நாற்று விட்டபின் நடத்தும் கூட்டத்தால் பயனில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொங்கல் முடிந்ததும் சிறு கூட்டங்களில் கணக்கைப் பேசி முடித்து, ஜனவரி 26-இல் தீர்மானமாக எழுதிவிடலாம். கிராம சபைத் தீர்மானம் என்பது வெறும் காகிதமல்ல. 2015-ஆம் ஆண்டின் விதிகளின்படி ஊராட்சிப் பகுதியில் கிணறோ போரோ தோண்ட ஊராட்சியின் அனுமதி வேண்டும். குழந்தைகள் போர்க்குழியில் விழுவதைத் தடுக்கக் கொண்டுவந்த விதிதான் என்றாலும், ரிக் வண்டி ஊருக்குள் நுழைவது யாருக்கும் தெரியாமல் நடக்காதபடி செய்ய அது ஒரு நல்ல பிடிமானம்.

விதியை எழுதும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள்: ரோட்டில் சைக்கிளில் போகிறவர் பார்த்தாலே மீறல் தெரிய வேண்டும். "ஆளுக்கு இத்தனை லட்சம் லிட்டர்" என்று எழுதினால் யார் பார்ப்பது? "தைப் பட்டத்தில் போர்த் தண்ணீரில் நெல் இல்லை, ஒருவருக்கு அரை ஏக்கருக்கு மேல் வாழை இல்லை" என்று எழுதினால் ஊரே பார்க்கும். பஞ்சாப் 2009-இல் ஜூன் 10-க்கு முன் நாற்று நடக் கூடாது என்று சட்டம் போட்டது. வெயில் உச்சத்தில் ஆவியாகும் தண்ணீர் மிச்சம் என்பதுதான் நோக்கம். அதை அமல்படுத்த முடிந்ததற்குக் காரணம், நட்ட வயல் எல்லார் கண்ணிலும் படும் என்பதே. ஸ்பெயினின் அல்பசெத்தே பகுதியில் கிழக்கு லா மாஞ்சா நீரடுக்கை விவசாயிகளின் பாசன வாரியமும் அரசும் சேர்ந்து நடத்துகின்றன. அங்கேயும் ஒவ்வொரு பண்ணையும் பயிர்த் திட்டத்தை முன்கூட்டியே கொடுக்கும், வயலில் நிற்பதைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுவார்கள். பயிரை எண்ணுவது தண்ணீரை எண்ணுவதைவிடச் சுலபம். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் ஊரும் அப்படித்தான். போபட்ராவ் பவார் தலைமையில் பாசனத்துக்குப் போர் இல்லை, கரும்பு இல்லை, வாழை இல்லை என்று முடிவெடுத்து, ஆண்டுதோறும் மழையைப் பார்த்து நீர்க்கணக்குப் போடுகிறார்கள்.

இது நம் பக்கத்துக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். "கிணற்றில் நாலில் ஒரு பங்கும், மோட்டார் சர்வீசில் பங்கும், வண்டிப்பாதை பாத்தியமும்" என்று எழுதியிருக்கும். நான்கு பங்காளிகள் ஒரு கிணற்றில் முறை வைத்து இறைத்தார்கள், ஒருவர் முறையில் மற்றவர் மோட்டாரைத் தொடமாட்டார். ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி வயல் வயலாகத் தண்ணீர் திருப்பினார். அந்தப் பங்குக் கணக்கு கிணற்றின் சுவரோடு நின்றது. இப்போது அதை ஊரின் எல்லை வரை நீட்ட வேண்டியிருக்கிறது, ஏனென்றால் போர் வந்தபின் எல்லாக் கிணறும் அடியில் ஒரே கிணறுதான்.

அரசு செய்ய வேண்டியவற்றை ஊர் கேட்டு வாங்க வேண்டும். நிலத்தடி நீர்த் தரவு மையமும் மத்திய வாரியமும் கண்காணிப்புக் கிணறுகள் வைத்திருக்கின்றன. உங்கள் குறுவட்டத்தின் (பிர்க்காவின்) அளவுகளைக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டை 1,166 குறுவட்டங்களாகப் பிரித்து மதிப்பிட்டார்கள். ஊறுவதைவிட அதிகம் எடுக்கும் "அதிநுகர்வு" வகையில் முந்நூறுக்கும் மேற்பட்டவை இருந்தன. வேளாண்மைத் துறையிடம் கேட்க வேண்டியது விதையும் சந்தையும். நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் பக்கத்தில் இருந்து, உளுந்துக்கும் கடலைக்கும் நம்பகமான கொள்முதல் இல்லாவிட்டால், எந்தக் கிராம சபைத் தீர்மானமும் இரண்டு பட்டத்துக்கு மேல் நிற்காது. என் பார்வையில் இதுதான் அரசின் முதல் கடமை. தடுப்பணை கட்டுவதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

மின்சாரம் கடினமான பேச்சு. இலவசத்தை எடு என்று சொன்னால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும், விவசாயியின் நிலைமையில் அது நியாயமான கோபமும்கூட. எடுக்காமலே செய்யும் வழிகள் உண்டு. பஞ்சாபில் 2018-இல் தொடங்கிய ஏற்பாட்டில் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓர் அளவு நிர்ணயித்து, அதில் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு 4 ரூபாய் விவசாயிக்குக் கொடுத்தார்கள். குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-இல் விவசாயிகள் சூரியசக்தி மோட்டார்க் கூட்டுறவு அமைத்து, இறைக்காத நேரத்து மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். மின்கம்பியோடு இணைக்காத சோலார் மோட்டார் இதற்கு நேர் எதிர்: பகலெல்லாம் சும்மா கிடைக்கும் சக்தி, நிறுத்தக் காரணமே இல்லை. அதிநுகர்வுக் குறுவட்டத்தில் அதற்கு மானியம் வாங்குவது தொட்டிக்கு இன்னொரு ஓட்டை போடுவதுதான்.

சொட்டு நீரிலும் இதே கண்ணி இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாடு 100 விழுக்காடு மானியம் தருகிறது, அவசியம் வாங்குங்கள். ஆனால் ஒரு ஏக்கரில் மிச்சமான தண்ணீரைக் கொண்டு இன்னொரு ஏக்கர் வெங்காயம் வைத்தால் பூமிக்குள் எதுவும் மிஞ்சாது. முன்பு வாய்க்காலில் கசிந்து திரும்ப இறங்கிய கொஞ்சமும் நின்றுவிடும். பரப்புக்கு வரம்பு வைத்த பிறகுதான் சொட்டு நீர் சேமிப்பாகும்.

மழைநீரை உள்ளே அனுப்புவதில் நடக்கும் பிழை ஒன்றைக் கிட்ட இருந்து பார்த்தால் புரியும். வற்றிய போருக்குள் ஓடைத் தண்ணீரை நேராக விடுவார்கள். முதல் மழையின் செஞ்சேறு வெடிப்புகளுக்குள் போய்ப் படியும், இரண்டு பருவத்தில் போர் அடைபட்டுவிடும். சரியான வழி: போரைச் சுற்றிப் பத்தடிக் குழி, அந்த ஆழத்துக்கு கேசிங்கில் துளை, துளைகள் மேல் நைலான் வலை இரண்டு சுற்று, குழியில் கீழே பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே ஓரடி பருமணல். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன் மேல் மணலில் படிந்த வண்டலைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டாத குழி மூன்றாம் ஆண்டில் வெறும் குட்டைதான். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட பண்ணைக்குட்டையில் போர்த் தண்ணீரை ஏற்றி வைப்பது இன்னும் மோசம். பூமிக்குள் பத்திரமாக இருந்ததை வெயிலில் காயப் போடுகிறோம்.

சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தரும் புதுநீரைக் குடிக்கிற நமக்கு ஒரு நெருக்கமான செய்தி. புதுநீருக்கு முன்னோடியாகச் சொல்லப்படுகிற முயற்சி கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் தொடங்கியது. அங்கே சுத்திகரித்த நீரை நிலத்தடிக்குத்தான் திரும்பச் செலுத்துகிறார்கள். 1933-இல் அமைந்த நீர் வாரியம், பம்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எடுக்கும் அளவுக்கேற்ப கட்டணம் வசூலித்து அந்தப் பணத்தில் நீரடுக்கை நிரப்புகிறது. அதே தெற்குக் கலிபோர்னியாவின் மேற்குப் படுகையில் பம்புக்காரர்கள் எப்படி ஒன்றுகூடினார்கள் என்பதுதான் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரமின் 1965-ஆம் ஆண்டு முனைவர் ஆய்வு. பொதுச் சொத்தை மக்கள் தாங்களே காக்க முடியும் என்ற அவருடைய ஆய்வுகளுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி உங்கள் 9,000 வெள்ளி. போர் இல்லாத குடும்பங்களை மறந்துவிடுகிற ஏற்பாடு எதுவும் நிலைக்காது. இதில் வெளிநாட்டுப் பணத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் மகன் இருக்கும் வீடு 800 அடிக்குப் போக முடிகிறது. பக்கத்து வீட்டுக் கிணறு அதனால் வற்றும்போது அவர்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அனந்தபூர்ப் பக்கம் சில ஊர்களில் இருக்கிற போர்களையே குழாயால் இணைத்து, போர் இல்லாதவர் மானாவாரிப் பயிருக்கும் வறட்சியில் ஓரிரு முறை தண்ணீர் கொடுத்தார்கள். பதிலுக்கு எல்லாரும் புதுப் போர் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். உங்கள் பணத்தில் பெரும்பகுதிக்கு இந்த இணைப்புக் குழாயும் வால்வும் தகுந்த செலவு. ஆனால் குழாய் வாங்குவது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே இருக்கட்டும். முன்னால் வாங்கினால் குழாய் ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடக்கும்.

மீதியை அளப்பவர்களுக்கு வையுங்கள். ஆந்திரத்தில் பல ஊர்களில் அளவெடுப்பு நின்றதற்கு என் கணிப்பில் முக்கியக் காரணம், திட்டப் பணம் நின்றபின் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒயரோடு கிணறு கிணறாகப் போக யாருக்கும் கடமை இல்லாமல் போனது. ஊரில் இரண்டு பேரை, முடிந்தால் ஒருவர் பெண்ணாக, நியமித்து மாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள். ஐந்து ஆண்டுக்குத் திட்டமிடுங்கள், ஓராண்டு அளவில் எதுவும் தெரியாது. பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ஊரில் பதிவு செய்த சங்கத்தின் கணக்குக்கு, இருவர் கையெழுத்தோடு அனுப்புங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் இந்தியச் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும், ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை மட்டும் கொடுப்பது நல்லது, ஒரு கணக்காயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் நெல் நிறுத்தச் சொல்லாதீர்கள். அளந்து, சுவரில் எழுதி, கேள்வி கேட்கவிடுங்கள். புதுப் போர் வேண்டாம் என்ற ஒரே தீர்மானம் முதல் ஆண்டுக்குப் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால், 100 மீட்டர் இரட்டை ஒயரும் ஒரு பஸ்ஸரும் எடுத்துப் போகட்டும். போகிப் பண்டிகைக் காலையில் மோட்டார் போடும் முன் பத்துக் கிணறுகளை அளந்துவிட்டால், ஜனவரி 26 சபைக்கு முதல் பத்து எண்கள் தயாராகிவிடும்.